வயரில் கனம் தாங்கலை

லப்பைக்குடிக்காட்டில் செல்லதுரை இழுத்த வயரில் கனம் தாங்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவர் நஜீமுதீன் பாய். அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே வாயும் அவருடையதுதான். அவர் மவுத்தாகிவிட்டார். பேச்சு சாகவில்லை. வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று அவர் சம்சாரம் பாத்திமா பீவியே சொல்கிறார். பொய் சொல்லத் தெரியாத அந்த அம்மா சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? இன்றைக்கும் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், "யாரு வயர் இழுத்தது, ரஞ்சன்குடி செல்லதுரையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறார்கள். செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். செல்லதுரைக்கு அது முடிகிற காரியமில்லை.

பாய் தம்மாமில் ஒரு கட்டடக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். சவுதியிலிருந்து திரும்புகிறவர்கள் போர்வையும் செண்டும் கொண்டுவருவார்கள். இவர் அங்கே வாங்கிய ஏச்சையெல்லாம் பத்திரமாக மூட்டை கட்டி எடுத்துவந்து ஊரில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பால் ஊற்றுகிற அரியமுத்துவுக்கு ஒன்று, மைக் செட்காரனுக்கு ஒன்று. செல்லதுரைக்கு மட்டும் அளவில்லாமல் கொடுத்தார்.

செல்லதுரை எட்டாவதோடு நின்றவன். கேபிள் டிவிக்குக் கம்பம் ஏறி, அப்படியே வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வயர் இழுக்கவும் பழகிக்கொண்டான். ஊருக்குப் பிராட்பேண்ட் வந்த புதிதில் வளைகுடாக்காரர் வீடுகளெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டன. பாய் வீட்டிலும் ஹாலுக்கும் மாடிக்கும் இழுத்தது அவன்தான்.

ஹால் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை நிறுத்தி, அதை ஃபயர்வால் என்று சொல்லிக்கொண்டிருந்தார் பாய். வெளியிலிருந்து வருகிற நெட் அதற்குள் நுழைந்துதான் வீட்டுக்குள் வரவேண்டும். அதற்கு டிஎன்எஸ் என்று இன்னொரு வேலையும் உண்டு. ஒரு சைட்டின் பேரை நாம் அடித்தால், அந்தப் பேருக்கு உரிய எண் எது என்று அது வெளியே கேட்டு வந்து சொல்லும். சில பேர்களுக்கு மட்டும் வெளியே கேட்கவிடாமல் பாய் தானே எண் எழுதி வைத்திருந்தார். அதை ஓவர்ரைடு என்பார். 'மாடி' என்று அடித்தால் மாடிக் கம்ப்யூட்டர் வரும். 'வாசல்' என்று அடித்தால் கேட்டில் மாட்டிய கேமரா தெரியும்.

"ஒலகத்துல ஒருத்தன்கிட்டயும் கேக்க வேணாம். நான் என்ன எழுதினேனோ அதான்" என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பார்.

"வூட்டுலயும் அதே கதைதான்" என்று உள்ளேயிருந்து பீவியின் குரல் வரும்.

மகள் ஹுஸ்னா அன்சாரைக் கட்டிக்கொண்டு குவைத் போனவள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. மாதம் ஏறிவிட்டது, விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிள்ளை அங்கேயே பிறந்தது. பீவி அதிலேயே பாதி உடைந்துபோனார். அதுவரை போனில்தான் பேச்சு. அகீகாவுக்கு முடியிறக்கிப் பேர் வைப்பதைப் பீவிக்குக் காட்டவேண்டும் என்று அன்சார் புதிதாகக் கேமரா வாங்கினான். இங்கே பீவி ஹாலில் ஜமுக்காளம் விரித்து, தெருப் பெண்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தார்.

முகம் பார்த்துப் பேச அன்சார் சொல்லியிருந்த சைட் திறக்கவே இல்லை. செல்லதுரைக்கு ஆள் போனது.

"என்னய்யா வயர் இழுத்திருக்க?" வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பாய் ஆரம்பித்துவிட்டார்.

"மத்த சைட்டெல்லாம் வருதே பாய். பேப்பர் வருது, தொழுகை நேரம் வருது. இது மட்டும் வயர்ல எங்க நிக்கும்?"

"அதெல்லாம் எழுத்து. இது படம். படம் கனமா வரும். உன் வயர்ல கனம் தாங்கலை."

"அப்ப ரெண்டு ஆளு சேந்து புடிக்கச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள்.

"எதுக்கும் மூலையில இருக்கிற உங்க பொட்டியை ஒரு தடவை பாருங்க பாய்."

"எட்டாங்கிளாசு எனக்குப் பொட்டி சொல்லிக் குடுக்குதா? கம்பம் ஏறுறவன் கம்பத்தோட நில்லு."

பீவி பக்கத்தில் வந்தார். "தம்பி, அங்க முடி எறக்கிடுவாங்கப்பா. எதையாச்சும் செய்யி."

பீவி முகத்துக்காகத்தான் அவன் செய்தான். ஜாக்கை வெட்டிப் புதிது மாட்டினான். வயரையே உருவிவிட்டு வேறு இழுத்தான். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அதற்குள் குவைத்திலிருந்து போன் வந்துவிட்டது. முடியிறக்கிப் பேரும் வைத்தாயிற்று. பீவி போனைக் காதில் வைத்தபடியே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கூடியிருந்த பெண்கள் அவரைப் பார்க்கவில்லை, செல்லதுரையைப் பார்த்தார்கள்.

"பாத்துக்கங்க. இவன் வேலை இதான்" என்றார் பாய், எல்லாருக்கும் கேட்கும்படி.

அதோடு அவன் பேர் போயிற்று. பெண்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோன பேச்சு அவனைவிட வேகமாகக் கம்பம் ஏறியது. குடிக்காட்டு வீடுகள் திட்டக்குடியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டன. தன் பேரை வைத்துத்தான் பிழைப்பு என்பது செல்லதுரைக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒருத்தர் சொன்னதுக்கு ஊரே கதவச் சாத்துதா? பேரு போனப்புறம் நீ கம்பம் ஏறி என்ன, கோபுரம் ஏறி என்ன. போய்க் கேளு" என்றாள் அவன் பெண்டாட்டி சம்பூர்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரம் பார்த்துப் போனான். பீவி சுகர் மாத்திரை வாங்கப் பெரம்பலூர் போயிருந்தார். பாய் மட்டும் தொழுதுவிட்டு வந்திருந்தார்.

"பொட்டியக் கழட்டிட்டு என் வயரை நேரா மாட்டுங்க பாய். அந்த சைட் வரலேன்னா இந்த ஊர்ப்பக்கமே தலைகாட்ட மாட்டேன். வந்துச்சுன்னா, ஜமாத்துல நாலு பேரு முன்னாடி வயர் நல்லாருக்குன்னு நீங்க சொல்லணும்."

"தோத்துட்டுப் போகணும்னே வந்திருக்க" என்று பாய் எழுந்தார். அவரே ஃபயர்வாலிலிருந்து வயரைப் பிடுங்கி, ஹால் கம்ப்யூட்டருக்கு நேராகக் கொடுத்தார்.

சைட் பளிச்சென்று வந்தது.

பாய் ஃபயர்வாலைத் திரும்ப மாட்டினார். வரவில்லை. மறுபடி கழற்றினார். வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதிய ஓவர்ரைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாடி, வாசல் எல்லாம் தாண்டி ஓரிடத்தில் கை நின்றது. அந்த சைட்டின் பேர் அங்கே இருந்தது. பக்கத்தில், எப்போதோ பழைய இரும்புக்குப் போட்ட ஒரு கம்ப்யூட்டரின் எண். பேரைக் கேட்டவரையெல்லாம் ஃபயர்வால் அந்தச் செத்த எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"இத நான் அழிச்சேனே" என்றார், திரையைப் பார்த்து.

பிறகு ஃபயர்வாலில் செருகியிருந்த பிளாப்பியை உருவிப் பார்த்தார். புதிதாக எதையும் எழுதவிடாமல் தடுக்க அதன் மூலையில் இருக்கும் சின்னப் பூட்டு போட்டபடியே இருந்தது. அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. நிக்காவுக்கு முன்பு ஹுஸ்னாவும் அன்சாரும் அந்த சைட்டில் டைப் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிக்காவுக்கு முந்தி என்ன பேச்சு என்று, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பேரை மடக்கிவிட்டவர் இவர்தான். ஹுஸ்னா சோறு தண்ணி இல்லாமல் அழுதபோது, அந்த சைட்டை நம் நாட்டில் மூடிவிட்டார்கள் என்று மகளிடமும் பீவியிடமும் சொன்னார். மகள் கை வைத்து மாற்றிவிடக்கூடாது என்று, எழுதியதையெல்லாம் வைத்திருக்கும் பிளாப்பியைப் பூட்டியும் வைத்தார். நிக்கா முடிந்ததும் அந்த வரியை அழித்தார், பூட்டைத் திறக்க மறந்துபோனார். அழித்தது பிளாப்பியில் ஏறவே இல்லை. கரண்ட் போய் வந்ததும் ஃபயர்வால் பிளாப்பியைப் படித்துப் பழையபடி எழுந்து நின்றது. நம் ஊரில் கரண்ட் போகாத நாள் எது?

செல்லதுரை வாய்விட்டுச் சிரித்தான். அதில் ஒரு துளி இரக்கம் கிடையாது.

"கனம் தாங்காதது எதுன்னு தெரிஞ்சுபோச்சு பாய். எந்திரிங்க, ஜும்மாவுக்கு வந்த ஆளுங்க இன்னும் பள்ளிவாசல்லதான் நிக்கிறாங்க. வந்து சொல்லுங்க."

பாய் எழுந்திருக்கவில்லை. பூட்டைத் தள்ளித் திறந்தார், பிளாப்பியைச் செருகினார், அந்த வரியை அழித்துவிட்டு, வயரைத் திரும்ப ஃபயர்வாலில் மாட்டி, அதை அணைத்துப் போட்டார். சைட் வந்தது.

"இருங்க, நானே கூட்டியாரேன்" என்று செல்லதுரை திரும்பினான்.

ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. பாய் 'வாசல்' என்று அடித்தார். திரையில் பாத்திமா பீவி மாத்திரைப் பையோடு இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் தள்ளுவது தெரிந்தது. பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று செல்லதுரையின் கையைப் பிடித்தார். இத்தனை நாளில் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"செல்லதுரை, மக அழுதது என்னாலன்னும், பேரப்புள்ள மொகத்தை மறைச்சது நான்தான்னும் தெரிஞ்சா, நான் மவுத்தானாலும் இவ என் மொகத்தப் பாக்க மாட்டா." செருப்புச் சத்தம் படியேறி வந்துகொண்டிருந்தது. "எப்புடி வந்துச்சுன்னு கேப்பா. வயர்லதான் கோளாறு, மாத்திட்டேன்னு சொல்லிடு."