மாடியறையில் ஒரு சோப்பு முதலாளி

மொட்டை மாடித் தொட்டிகளுக்கு வேப்பம் புண்ணாக்கு கலந்துகொண்டிருந்தபோது கைபேசி கேட்டது, போன வாரம் வாங்கிய புத்தகம் பற்றி உங்கள் கருத்து என்ன என்று. தொழில் தொடங்கி முன்னேறுவது பற்றிய புத்தகம். இந்த வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள், பழக்கதோஷம். கை முழுக்கப் புண்ணாக்கு, எங்கே பதில் போடுவது? ஆனால் அந்தக் கசப்பு நெடி ஏற ஏற, ஆலங்காயத்து மாடியறை ஒன்று கண்முன் வந்து நின்றுவிட்டது.

கல்லூரி முடித்த கையோடு அங்கே ஒரு விதை, உரக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி கோதண்டம் அண்ணனுக்கு விதையைவிடப் புத்தகத்தில்தான் ஆசை. அதுவும் தொழில், வியாபாரம், ஆலை வைத்தவர்களின் வாழ்க்கை, இவை மட்டும். கதைப் புத்தகத்தைக் காட்டினால், “இதுல இன்னா லாபம்?” என்பார். கடைக்கு மேலே புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கிய அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் நடத்தினார். ஒரே புத்தகத்தை எல்லோரும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்ல வேண்டும். டீ சொல்வதும், படிக்காமல் வந்தவர்களுக்கு அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவதும் என் பொறுப்பு.

அந்தக் கருத்துகளை எந்தப் பத்திரிகையும் போட்டிருக்காது. செங்கல் சூளைக்காரர் ஒருவர், புத்தகத்து முதலாளி எங்காவது ஏமாந்திருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால், “ஒருத்தன்கிட்டயும் ஏமாறாம ஒருத்தன் யாவாரம் பண்ணானா? பொய்யி” என்று மூடி வைத்துவிடுவார். நானோ எல்லாவற்றையும் நம்பினேன். ஒரு புத்தகத்தை நம்பி மெழுகுவத்தி செய்யக்கூடக் கிளம்பினேன். சித்திரை வெயிலில் அத்தனையும் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டு நின்றன. அதோடு என் தொழில் வாழ்க்கை முடிந்தது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். “புஸ்தகத்துக்குள்ளயே பேசணும். அவங்கவங்க கடைக் கதைய இங்க எடுத்துக்கினு வரக் கூடாது” என்று கோதண்டம் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அங்கே கணவன் மனைவியாக வந்தவர்கள் சம்பத் அண்ணனும் வசந்தா அக்காவும்தான். புளி வியாபாரம். மலையிலிருந்து புளி பிடித்து ஜீப்பில் இறக்குவது அவர் வேலை. ஊரோரம் ஒரு கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்களை வைத்துக் கொட்டை நீக்கி, பாக்கெட் போட்டு விற்பது அக்காவின் வேலை. அவர்கள் வந்து நின்றாலே அறையில் புளி வாசனை சேர்ந்துகொள்ளும். புண்ணாக்கும் புளியும் கலந்த அந்த வாசனையை எப்படிச் சொல்வது? நாக்கு ஊறும், மூக்கு சுளிக்கும்.

அந்த முறை படித்தது யாரோ வெளிநாட்டு சோப்பு முதலாளியின் கதை. சின்னப் பட்டறையில் ஆரம்பித்தவர், ஒரு நாள் அதை மூடிவிட்டு ஒரு பெரிய கம்பெனியோடு போய்ச் சேர்ந்து, பிறகு அதற்கே தலைவராகிறார்.

“தைரியம்னா இதான்” என்றார் சம்பத் அண்ணன். “சின்னதக் கட்டிக்கினு அழுதா சின்னதாவே கெடக்க வேண்டிதான்.”

வசந்தா அக்கா அவரைப் பார்க்காமல் கோதண்டம் அண்ணனிடம் சொன்னார். “அண்ணா, அந்தப் பட்டறைல வேல செஞ்சவங்க இன்னா ஆனாங்கன்னு ஒரு வரிகூட இல்லியே?”

“அவங்க வேற வேல தேடிக்கினு இருப்பாங்க” என்றார் சம்பத் அண்ணன்.

“அத எழுதினவரு சொல்லணும். படிச்சவரு சொல்லக் கூடாது.”

கோதண்டம் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். “இதான் கருத்து! இப்பிடிப் படிக்கணும்” என்று எங்களைப் பார்த்தார். எனக்கும் ஏதோ பட்டிமன்றம் கேட்பது போலத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து டம்ளர்களைக் கழுவும்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

வாணியம்பாடியில் ஒரு மசாலா கம்பெனி சம்பத் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறது. மலைப் புளி முழுவதையும் அவர்களுக்கே பிடித்துக் கொடுக்க வேண்டும், இங்கே கொட்டகையை மூடிவிட வேண்டும். அவருக்குப் போக ஆசை.

“வூட்ல பேச வேண்டிதானக்கா?”

“எங்க பேசறது? கொரலு கொஞ்சம் ஒசந்தாலே அத்தைக்கு மூச்சு வாங்குது. ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கே தூக்கினு ஓடனோம். அதான் இங்க சோப்பு போட்டுக்கினு கீறோம்” என்று சொல்லிச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் நான்தான் வாசித்தேன். சோப்பு முதலாளி ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில், ‘இதற்கு அவர் மனைவியின் ஒத்துழைப்பும் இருந்தது’ என்று ஒரு வரி.

“அங்கியே நிறுத்தும்மா” என்றார் வசந்தா அக்கா. “அந்தப் பொம்பளைக்குப் பேருகூடப் போடல. ஒத்துழைப்புன்னா இன்னா? ‘சரி போங்க’ன்னு சொன்னாளா? இல்ல, கேக்கவே இல்லியா?”

“புஸ்தகத்துக்குள்ளயே பேசுங்க” என்றார் கோதண்டம் அண்ணன், வழக்கம்போல.

சம்பத் அண்ணன் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். “புஸ்தகம் போதும்ணா. வசந்தா, நான் போவட்டா, வேணாவா? இங்கியே சொல்லு.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “நீங்க போங்க. உங்க ஆசைய நான் இன்னாத்துக்குத் தடுக்கணும்? கொட்டாய மட்டும் எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க.”

“தனியாப் பாத்துக்குவியா?”

“இப்ப மட்டும் யாரு பாத்துக்கினு கீறாங்க?”

முதலில் சிரித்தவர் சம்பத் அண்ணன்தான். அப்புறம்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. அவர் கம்பெனியில் சேரும்போதே அவர்களிடம் பேசி, கொட்டகைக்கு வேண்டிய புளியை விட்டுக்கொடுக்க வைத்தார். அதை மலையேறி வாங்குகிற வேலையும் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. முதல் பருவத்தில் ஈரப் புளியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாதி கறுத்துப்போயிற்று. கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த சந்தைக்கு மறுபடி ஜீப் ஏறினார். கொட்டகை நின்றது. இன்றும் அவர் புளிப் பாக்கெட் மலைக்கு அந்தப் பக்கம் சந்தவாசல் ஊர்க் கடைகள் வரை போகிறது.

கோதண்டம் அண்ணன் மகள் வீட்டோடு போய்விட்டார். கடை கைமாறி, சாலையை அகலப்படுத்தும்போது மாடியறையும் போயிற்று. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வசந்தா அக்கா வீட்டில் சாப்பிட்டேன். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிறது. வீட்டில் இரண்டே பேர். எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேட்க ஆளில்லை.

“அண்ணன் இன்னும் தொழில் புஸ்தகம் படிக்கிறாராக்கா?” என்று கேட்டேன்.

“படிக்கிறதில்ல, கேக்குறாரு. வாணியம்பாடிக்கு பஸ்ல போறப்பவும் வர்றப்பவும் காதுல மாட்டிக்கினு.” ரசத்தை ஊற்றியபடியே சொன்னார். “கேட்டுட்டு வூட்டுக்கு வந்து கழட்டி வெச்சிட்டு, கம்முனு சாப்புட்டுட்டுப் படுத்துக்கிறாரு. ‘இன்னிக்கு இன்னா கேட்டீங்க’ன்னா, ‘சும்மா ஒரு புஸ்தகம்’ன்றாரு. சண்ட போடறதுக்கு ஒரு வரிகூடக் குடுக்க மாட்டேன்றாரு.”