ஐஸ் பெக்டரிக்கு இன்னொரு ஆள்

இன்று முதலாளியிடம் போய், இரண்டு பேரைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

கல்குடாவில் எங்கள் ஐஸ் பெக்டரியில் தண்ணீரை உறையவைக்கும் மெசினான அமோனியா கொம்பிரசரை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சண்டை முடிந்து, இரவில் கடலுக்குப் போகும் தடையும் நீங்கியதிலிருந்து மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் போதவில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தா மெசின் நிண்டிரும் ஹாஜியார். பொறகு அவ்வளவு மீனும் கருவாடுதான்" என்றேன்.

முதலாளி ஏறாவூர்க்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது தம்பி. சுனாமிக்குப் பொறகு வெளிநாட்டுக்காரனுகள் செலவழிச்சு உங்க மூணு பேரையும் படிப்பிச்சானுகளே. மத்த ரெண்டு பேரும் எங்க?"

கட்டாரில். அந்தப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டித்தான் வேலைக்குப் போனார்கள்.

"படிச்சவனெல்லாம் போறான். நீங்க மட்டும் ஏன் போகல்ல?"

மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். உழைத்துக் காசு அனுப்ப வீட்டில் ஆட்கள் இருந்தவர்கள் போனார்கள். கடல் வந்த பிறகு எனக்கு அப்படி யாருமில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது? சிரித்துச் சமாளித்தேன்.

கடைசியில் சம்மதித்தார்.

"சரி, ஒராளுக்குச் செலவு தாறன். வெளிநாட்டுக்குப் போகமாட்டான் எண்டு எனக்கு உறுதியாத் தெரிஞ்ச ஆளுக்கு."

ஆக, அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறவன் நானேதான். அந்த நாட்களில் மெசினை யார் ஓட்டுவது என்று இருவருமே யோசிக்கவில்லை.

உங்களில் யாருக்காவது கொம்பிரசர் ஓட்டத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள். அந்த மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேச ஒரு ஆள் வேண்டும்.