அத்தாவுக்கு அரைக் கிண்ணம் கடல்பாசி

நோன்பு மாதம் பிறந்தால் எனக்கு முதலில் வருவது அத்தாவின் ஞாபகம்தான், பசியெல்லாம் பிறகு. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ரமலானுக்கு லீவு கிடைத்து அவர் பேராவூரணிக்கு வரும் வருடங்களில் நோன்பு திறக்கும் நேரம் வீடே களைகட்டிவிடும். அம்மா கடல்பாசியைக் கொதிக்கவைத்து, காய்ச்சிய பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறையவிடுவார். கஞ்சியும் வடையும் எங்களுக்கு, வெள்ளை வெளேரென்று உறைந்த அந்தத் தட்டு அத்தாவுக்கு. நாங்கள் கை நீட்டினால் அம்மா கண்ணாலேயே அதட்டுவார்.

ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அத்தா கிட்னிக் கோளாறையும் கூட்டிக்கொண்டு வந்தார். "பாலைக் குறைங்க" என்றார் டாக்டர். அம்மாவுக்குக் குறைப்பதெல்லாம் தெரியாது, அடியோடு நிறுத்தித்தான் பழக்கம். காலை டீ மட்டும் எப்படியோ தப்பியது. அந்த வருடம் அத்தா நோன்பு வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆனாலும் நோன்பு திறக்கையில் எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். வெறும் தட்டோடு அவரைப் பார்க்க அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தென்னந்தோப்பு வீட்டில் பிறந்தவர் வேறென்ன செய்வார்? பாலுக்குப் பதில் இளநீர் ஊற்றிக் கடல்பாசி செய்தார். எங்கள் ஊரில் நீர்க்கடுப்புக்கும் இளநீர்தான், கிட்னிக்கும் இளநீர்தான். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அத்தாவும் தினமும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்தது. நல்லவேளை, மருந்திலேயே இறங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் விசாரித்தபோது அம்மா இளநீர் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் பதறிவிட்டார்.

"இளநீர்லதாம்மா பொட்டாசியம் ஜாஸ்தி. இவருக்கு இதயத்தையே நிறுத்திடும். இதுக்குப் பால்லயே அரைக் கிண்ணம் குடுத்திருக்கலாம். அன்னைக்கு டீயை விட்டுடணும். ஒரு நாளைக்குக் குடிக்கச் சொன்ன தண்ணி அளவுலயும் அதைக் கழிச்சுக்கங்க. பாதாம், பிஸ்தா எதுவும் போடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் அம்மா வாய்விட்டு அழுதார். "நானே வெஷம் வச்சுட்டேனே. நீங்களும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டீங்களே!"

அத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "எனக்கு அது பிடிக்கவே இல்ல. நீ பக்கத்துல நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியே, அதான் கேட்டேன்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? உசுரு போற விஷயமில்லையா?"

மறுநாள் அத்தா டீ குடிக்கவில்லை. மாலையில் பால் கடல்பாசி வந்தது, அரைக் கிண்ணம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சீனி பத்தல."

கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் சமையலில் சாப்பிடும்போதே அவர் சொன்ன முதல் குறை அதுதான். அம்மா சீனி டப்பாவைத் தொடவில்லை. "இனிமே இப்படித்தான் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.