புள்ளி வைக்காத இடங்கள்

சண்டை முடிந்து இலுப்பைக்கடவைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மேற்குச் சுவர் மட்டும் முழு உயரத்துக்கு நின்றது, அதுவும் துப்பாக்கிச் சன்னம் துளைத்துச் சல்லடையாக. அந்தச் சுவரடியில்தான் அப்பா விழுந்தவர். கூரை போட்ட பிறகும் அம்மா உள்ளே படுக்க மறுத்துவிட்டார். "முதல்ல அந்த ஓட்டையளை அடை. பிறகு வாறன்" என்று சொல்லி, முற்றத்துத் தறப்பாள் கொட்டிலிலேயே கிடந்தார். மாரி மழைக்கும் அசையவில்லை. சுவரைப் பூசி முடித்த அன்றுதான் பாயோடு உள்ளே வந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

நான் புள்ளிகளால் படம் வரைகிறவள். மெல்லிய முனைப் பேனை, கறுப்பு மை, தடித்த நீர்வர்ணத் தாள். கோடே கிடையாது. இருட்டு வேண்டிய இடத்தில் புள்ளிகளை நெருக்க வேண்டும், வெளிச்சத்துக்கு ஐதாக விட வேண்டும். வைத்த புள்ளியை எடுக்க முடியாது. மணிக்கணக்காகக் குனிந்திருப்பேன். "என்ன பிள்ளை, கடதாசிக்குப் பேன் பாக்கிறியோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்.

கொழும்பில் கண்காட்சி நடத்துகிற ஒருவர் என் படங்களைப் பார்க்க வந்தார். பார்த்து முடித்தவர் சுவருக்கு முன்னால் போய் நின்றார். அதன் கதையை யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயோ, பூசிட்டீங்களா? இது ஒரு சாட்சி இல்லையா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சிக்குப் பக்கத்தில் நீர் ஒரு இரவு படுத்துப் பாரும் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஆனால் அப்பா எப்படிச் செத்தார் என்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. கொழும்புச் சனமாவது பார்க்கட்டுமே. அந்தச் சுவரையே வரைந்து கொடுத்தேன்.

பூசுமுன் நான் பார்த்த, பின்னேர வெயில் ஓட்டைகளால் உள்ளே விழும் காட்சி. சுவர் முழுக்க இருட்டு. குத்திக் குத்தி விரல் மரத்துப்போனது. ஓட்டைகளில் மட்டும் பேனை படக்கூடாது, தாளின் வெள்ளையை அப்படியே விட வேண்டும். ஒன்றும் தவறாமல் விட்டேன். கண்காட்சியில் ஒரு சீமாட்டி, நட்சத்திரங்கள் மாதிரி எவ்வளவு அழகு என்றாராம். நட்சத்திரமாம்! நாசமாய்ப் போக.

பிறகு அந்த மனிதர் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, எங்களுக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். நான் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அதே சுவரில் ஆணி அடித்து மாட்டியும் விட்டார்.

"எப்படி இருக்கு அம்மா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடைச்சதுகளை ஏன் பிள்ளை திரும்பத் திறந்தனீ?"

படத்தைக் கழற்றி ஆணியைப் பிடுங்கினேன். பூச்சு பெயர்ந்து வந்தது. அந்த இடத்தை அடைக்க நான் சீமெந்து குழைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார்.