வெளக்குக் கெழவியும் மூணு மணி பஸ்ஸும்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். காலையிலேர்ந்து சுண்ணாம்புக் கல்லு லோடு ஏத்திட்டு வந்தவனுக்குப் பேனா புடிக்க வெரல் மடங்க மாட்டேங்குது. அஞ்சாங்கிளாஸுல ரெண்டு வருசம் குடியிருந்தவன் எழுதி யாரு படிக்கப் போறா?

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்குப் புஸ்தகம் குடுக்குற கட வச்சிருக்கான் என் கூட்டாளி. வேல முடிஞ்சா அங்கதான் போயி விழுவேன். எவனாச்சும் ராஜா காலத்துக் கொலைக்கத எடுத்துட்டுக் கெளம்புனா, வாசல்ல நின்னுக்கிட்டு "மந்திரிதான் கொன்னான், இனிமே நிம்மதியா படிங்க சார்"னு சொல்லி அனுப்புறது என் பொழுதுபோக்கு. மூணு பேரு கடைய மாத்திட்டாங்க. நேத்து கூட்டாளி கையெடுத்துக் கும்பிட்டுட்டான். "ஒனக்கு எப்படா வந்துச்சு இந்தப் புத்தி?"ன்னு கேட்டான். சும்மா கேட்ட கேள்விதான். ஆனா எப்ப வந்துச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதான் ஒக்காந்திருக்கேன்.

எங்க அக்காவ உடையார்பாளையம் பக்கத்துலேர்ந்து திருமழபாடிக்குக் கட்டிக்குடுத்தப்ப எனக்குப் பத்து வயசு. மாமாவுக்குத் திருச்சியில மில்லு வேல. வாரத்துல ஒரு நாளுதான் வூட்டுக்கு வருவாரு. மத்த ஆறு நாளும் அக்காவும் அது மாமியாரும் மட்டுந்தான். அந்தம்மா சின்ன வயசுலயே புருசன பறிகுடுத்துட்டு ஒத்த மவன வளத்தவங்க. வாயத் தொறந்தா வார்த்த தீந்து போயிடும்ங்கற மாதிரி இருப்பாங்க. "ம்", "வை", "எடு", அவ்ளோதான். மொத ஆடிக்குக்கூட அக்காவ எங்க வூட்டுக்கு அனுப்பல. கூப்புடப் போன எங்கப்பாவுக்கு ஒரு சொம்பு மோரக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க.

எங்கக்காவுக்குக் கதக் கிறுக்கு. அப்ப ஒரு வாரப் பத்திரிகையில ராஜா காலத்துத் தொடர்கத ஒண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு. ராஜா கோயில் கட்டி முடிக்கிறாரு. குடமுழுக்குக்கு மொத நாளு, செவுத்துல வெட்டுன கல்வெட்டுல ஒரே ஒரு வரிய மட்டும் யாரோ கொத்தி அழிச்சுட்டாங்க. அத வெட்டுன கல்தச்சன் அங்கயே செத்துக் கெடக்கான். அழிச்சது யாரு? அந்த வரியில என்ன இருந்துச்சு? இதான் கத. ஒரு வாரம் தளபதி மேல சந்தேகம் வரும், மறு வாரம் கோயில் கணக்கன் மேல வரும். இந்தா சொல்லிடப் போறான்னு நெனைக்கையில யாராச்சும் வந்து கதவத் தட்டுவாங்க, தொடரும்னு போட்டுடுவான். அக்கா படிச்சுச் சொல்லக் கேக்குற எனக்கு, எழுதுனவன புடிச்சு ஒதைக்கணும் போல இருக்கும். அக்காவுக்கு அதான் புடிக்கும். கல்யாணத்தன்னைக்கு மாலையும் கழுத்துமா ஒக்காந்துக்கிட்டு என் காதுல சொன்னதே, "இந்த வாரத்தத எடுத்து வையிடா"ங்கறதுதான்.

எங்க ஊரு சலூனுக்கு அந்தப் பத்திரிகை வரும். பழசானதும் நடுவுல குத்தியிருக்குற கம்பிய நெம்பி, கதப் பக்கத்த மட்டும் உருவிக்கிட்டு வந்துடுவேன். கத படிக்கிற மருமவள்னு பேரு வந்துடக் கூடாதுன்னு எங்கம்மா ஒரு வேல பண்ணுச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நான் பலகாரம் கொண்டு போவேன். முறுக்கையும் அதிரசத்தையும் அந்தத் தாளுலயே பொட்டலம் கட்டிக் குடுத்துடும். அதிரச எண்ணெயில தளபதி பாதி கரைஞ்சு போயிருப்பாரு. அக்கா தாள வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்து, வரிசப்படுத்தி, கோணி ஊசியால தச்சு வச்சுக்கும்.

நாலாவது தடவ போனப்ப பொட்டலத்த மாமியாரே வாங்குனாங்க. அந்தம்மா பலகாரத்தத் தட்டுல கொட்டிட்டு, தாள ஒதறி அக்காகிட்ட நீட்டுனாங்க.

"கணக்கன் மாட்டிக்கிட்டானான்னு பாரு."

அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. மத்தியானம் ரெண்டு பேரும் ஒக்காந்து வெதக்கடல ஒடைக்கையில அக்கா கத சொல்லியிருக்கு. மொத நாளு "ம்" கொட்டுனாங்களாம். மறுநாளு "அப்பறம்?"னாங்களாம். அதுக்கப்புறம் அவங்களே அக்காவக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிருக்காங்க. சாமி கும்புட இல்ல. செவுத்துல இருக்குற கல்வெட்டுல பொரிஞ்சு போன எடத்தையெல்லாம் வெரலால தடவிப் பாத்துட்டு, "இதுவும் எவனாச்சும் கொத்தி அழிச்சதா இருக்குமோ"ன்னு கேப்பாங்களாம். வாசப்படி தாண்ட விடாத மாமியாரு!

கதையில அந்தம்மாவுக்கு ரொம்பப் புடிச்சது ஒரு வெளக்குக் கெழவி. கோயில்ல வெளக்கு ஏத்துறவ. புருசன் இல்ல, ஒரே மவன். அவ வர்ற எடத்துல கடல ஒடைக்கிறத நிறுத்திட்டுக் கேப்பாங்க. "பாவம், அவளுக்கு யாரு இருக்கா"ம்பாங்க. கெழவி வராத வாரத்துலயும் அக்கா தானா ரெண்டு வரி சேத்து அவள உள்ள கொண்டாந்துடும்.

அந்த வருசம் எங்க ஊரு மாரியாத்தா திருவிழாவுக்கு அப்பா மறுபடி போயி அக்காவ அனுப்பச் சொல்லிக் கேட்டாரு. "கத முடியப் போவுதாம். முடிவக் கேட்டுட்டு அனுப்புறேன். பையன அனுப்பி வையிங்க"ன்னு சொல்லிட்டாங்க மாமியாரு. எங்கம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. கல்யாணமாயி எட்டு மாசம், ஒரு நாளுகூட பொறந்த வூட்டுக்கு அக்கா வரல.

கடைசி அத்தியாயம் வந்ததும், அதிரசத்துக்குப் பதிலா வெத்தல பாக்கு பழத்தோட மஞ்சப்பையில வச்சுக் குடுத்து அனுப்புனாங்க. அரியலூர்ல பஸ்ஸு மாறி ஒக்காந்தேன். சும்மா இருக்கலாம்ல? தாள எடுத்தேன். வாய அசைச்சு அசைச்சு எழுத்துக் கூட்டுனேன். பக்கத்துல இருந்த ஆளு "தம்பி மந்திரம் ஓதுது"ன்னு கிண்டல் பண்ணுனான். திருமழபாடி வர்றதுக்குள்ள ஒரு தடவைக்கு நாலு தடவ படிச்சு முடிச்சுட்டேன். ஊருலயே கொலகாரன் யாருன்னு தெரிஞ்ச மொத ஆளு நான். நெஞ்சு நிமிந்து போச்சு.

அக்கா பைய ஏற்கெனவே கட்டி நடையில வச்சிருந்துச்சு. தலையில பூவு. மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பணும். சோறு தின்னுட்டு மூணு பேரும் கடலையோட ஒக்காந்தோம். அக்கா தாளப் பிரிக்கையில என்னால அடக்க முடியல.

"அத்தே, கொலகாரன் யாருன்னு எனக்குத் தெரியுமே!"

"டேய், வாய மூடுடா"ன்னுச்சு அக்கா.

மாமியாரு சிரிச்சாங்க. அவங்களுக்குப் பல்லு இருக்குறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். "தளபதிதானே? நான் அப்பவே சொன்னேன்."

"தளபதியும் இல்ல, கிளபதியும் இல்ல. ஒங்க ஆளுதான். வெளக்குக் கெழவி!"

கடல ஒடையிற சத்தம் நின்னுடுச்சு. அந்தம்மா என்னையப் பாக்கல. அக்காவப் பாத்து "நெசமா?"ன்னு கேட்டாங்க.

அக்கா தாள ஒரு ஓட்டு ஓட்டுச்சு. மொகத்துல ஒண்ணும் தெரியல. "இல்ல அத்தே, இவன் புளுகுறான். தளபதிதான். நீங்க சொன்னதே சரி."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பள்ளிக்கூடத்துல தத்தின்னு பேரு வாங்குனவன். பொறந்ததுலேர்ந்து மொதத் தடவயா ஒண்ண முழுசா படிச்சிருக்கேன், அதையும் புளுகுங்குது சொந்த அக்கா. வெடுக்குனு தாளப் புடுங்கி, எந்திரிச்சு நின்னு, சத்தமா படிச்சேன். கெழவியோட மவன் கோயில் நகையத் திருடுனான்னு அந்த வரியில வெட்டியிருந்துச்சு. மவன் பேர எடுத்துடுன்னு கெழவி கல்தச்சன் கால்ல விழுந்தா. அவன் மாட்டேன்னுட்டான். வெளக்குத் தண்டால அவன அடிச்சுப் போட்டுட்டு, அந்த வரியக் கொத்தி அழிச்சா. நான் ஒரு எடத்துலகூட திக்கல, ஒரு எழுத்துகூட விடல. அக்கா ரெண்டு தடவ என் டவுசரப் புடிச்சு இழுத்துச்சு. நான் தட்டி விட்டுட்டுப் படிச்சேன்.

முடிச்சதும் மாமியாரு மடியில இருந்த கடல ஓட்டுத் தொப்பிய மெதுவா மொறத்துல தட்டுனாங்க.

"மவனுக்காக மனுசன அடிச்சுக் கொன்னாளாக்கும்."

"கததானே அத்தே..."

"புருசன் இல்லாதவ, ஒத்தப் புள்ளையப் பெத்தவ. எட்டு மாசமா என்னைய எதிர்ல ஒக்கார வச்சு இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தியா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் அத்தே. சத்தியமா."

"அப்ப எதுக்குத் தளபதின்ன?"

அந்தம்மா எந்திரிச்சாங்க. நடையில இருந்த பைய எடுத்து உள்ள வச்சாங்க. "மாட்டுக்குத் தண்ணி காட்டு"ன்னாங்க. பழைய கொரலு.

மூணு மணி பஸ்ஸுக்கு நான் மட்டுந்தான் கெளம்புனேன். அக்கா வாசல் வரைக்கும் வந்துச்சு. அடிக்கும், இல்ல கிள்ளும்னு தள்ளியே நின்னேன். கிட்ட வந்து என் சட்டப் பித்தான மாட்டி விட்டுச்சு. "எழுத்துக் கூட்டாமயே படிக்கிறடா இப்பல்லாம்"னுச்சு. அவ்ளோதான். தலையில இருந்த பூவ எடுத்து மாட்டுக் கொட்டா பக்கம் போட்டுட்டு உள்ள போயிடுச்சு.

பாராட்டுதுன்னு நெனைச்சேன். நெசமா. உடையார்பாளையம் போற வரைக்கும் பஸ்ஸு ஜன்னல்ல கடை போர்டையெல்லாம் சத்தமா படிச்சுக்கிட்டே போனேன். வூட்டு வாசல்ல எங்கம்மா எனக்குப் பின்னாடி ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "அக்காவுக்கு வேல இருக்காம்மா. ஆனா நான் நல்லா படிக்கிறேன்னு சொல்லுச்சு"ன்னேன்.

அதுக்கப்புறம் அக்கா எங்க வூட்டுக்கு வந்தது தலைப்பிரசவத்துக்குத்தான். பொட்டலத் தாளெல்லாம் பிரிக்காமலே அடுப்புக்குப் போச்சாம். மத்தியானத்துல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில கடல ஒடைச்சிருக்காங்க. அக்கா அன்னைக்குச் சொன்ன ஒத்தப் பொய்யி அந்த மூணு மணி பஸ்ஸுக்காகன்னு எனக்குத் தெரிஞ்சப்ப மீச மொளைச்சிருந்துச்சு. தெரிஞ்சு என்ன பண்றது? கண்டவன்கிட்டயெல்லாம் முடிவச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

இப்ப அந்தம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சாம். போன வாரம் அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்த எங்கம்மா சொல்லுச்சு. கடல மொறத்த வச்சுக்கிட்டுத் திடீர்னு "அந்தக் கெழவி மவன் அப்பறம் என்னதான் ஆனான்?"னு கேட்டாங்களாம். அக்கா தன் மூலைய விட்டு எந்திரிச்சு வந்து, அவங்க மொறத்துப் பக்கத்துல ஒக்காந்து கடல ஒடைச்சுச்சாம்.

இவ்வளவும் நேத்து ராத்திரி எழுதி, இன்னைக்குச் சாயந்தரம் கூட்டாளிகிட்ட குடுத்தேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் கடையிலயே நின்னேன். எவன்கிட்டயும் எந்த முடிவும் சொல்லல. "ராஜா காலத்துக் கதையா, நல்லா இழுத்தடிக்கிற மாதிரி ஒண்ணு குடுடா. ஞாயித்துக்கெழம திருமழபாடிக்கு எடுத்துட்டுப் போறேன்"னேன்.

அலமாரியிலேர்ந்து தடியா ஒண்ண உருவி என் கையில வச்சுட்டுச் சொன்னான்: "பஸ்ஸுல பிரிக்காத."