அனுசுயா கேட்காமல் விட்டது

எம்.ஏ. பொது நிர்வாகம் என்று சொன்னால் கம்பம் பக்கத்தில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. கலெக்டர் ஆகலாமா என்று கேட்பார்கள். ஆகலாம், அதற்குத் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும் என்றால், "அப்ப இது எதுக்கு?" என்பார்கள். அனுசுயா மட்டும் சளைக்காமல் பதில் சொல்வாள். "கவர்மெண்டு எப்படி நடக்குது, சில எடத்துல ஏன் நடக்கலங்கிறதப் படிக்கிறது." எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சும்மா படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

என் பெயர் மகிமா. மதுரையில் இரண்டு வருடம் அனுசுயாவும் நானும் ஒரே விடுதி அறையில் இருந்து அந்தப் படிப்பைப் படித்தோம். போடி கடைவீதியில் என் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அவளுடைய அம்மா ராக்கம்மாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளத்துத் தோட்டங்களில் ஏலக்காய் எடுப்பவர். அப்பா இல்லாத வீடு. "எங்கம்மா எடுக்குற காயத்தான் உங்கப்பா விக்கிறாரு. பாத்து மரியாதையா இரு" என்று முதல் நாளே என்னை வம்புக்கு இழுத்தாள். அன்றே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

இந்தப் படிப்பை அவள் தேடிப் போனதற்குக் காரணம் ஜக்கம்மா. பக்கத்து வீட்டுக்காரி, ராக்கம்மாளோடு வேலைக்குப் போனவர், அனுசுயாவுக்கு அத்தை முறை. கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்காக ஜீப்பை டிரைவர் ஒடித்தபோது, பின்படியில் தொற்றிக்கொண்டு நின்ற ஜக்கம்மா கீழே விழுந்தார். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அவருக்கு உயிர் போனது. விசாரிக்க வந்த அதிகாரி, "அளவுக்கு மேல ஆள ஏத்துனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். ஜக்கம்மாவின் மகள் திரிஷா அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். அளவுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்று அனுசுயா அன்றைக்குக் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் அவள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் வருடம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் ஏதோ ஒரு தலைப்பை எடுத்துத் தப்பித்தேன். அவள் தோட்டத் தொழிலாளிகளின் ஜீப் பயணத்தை எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் துணையாக நானும் அவள் தெருவுக்குப் போனேன். தலைக்குக் குளித்து முடி உலர்த்திக்கொண்டிருந்த பெண்களிடம் அச்சடித்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது ஆபத்து என்று நினைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இதையெல்லாமா கேட்பார்கள் என்று சிரித்துக்கொண்டே எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

கடைசியாக ராக்கம்மாள்.

"ஆபத்துத்தான் ஆத்தா. ஆனா ஒண்ணு, அன்னிக்கு ஜக்கம்மா..."

"அம்மா, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு. மத்ததுக்கு இதுல எடமில்ல."

"அப்ப ஆமான்னே போட்டுக்க."

அனுசுயா போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு எழுந்துவிட்டாள். ராக்கம்மாள் இன்னும் ஏதோ கேட்பார்கள் என்பதுபோல அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது கண்ணில் பட்டது. வெயில் ஏறுகிறதே என்ற அவசரத்தில் நானும் நடந்துவிட்டேன்.

ஜீப்புகளில் பெர்மிட்டில் உள்ளபடிதான் ஆள் ஏற்ற வேண்டும், மலையடிவாரத்திலேயே தினமும் சோதனை போட வேண்டும், மீறினால் பெர்மிட்டைப் பிடுங்க வேண்டும். அவளுடைய பரிந்துரை இதுதான். துறையில் நடந்த கருத்தரங்கில் அதை வாசித்தாள். விருந்தினராக வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். ஒரு பிரதியும் வாங்கிக்கொண்டு போனார். வழக்கமாக அப்படி வாங்கிப்போகும் காகிதங்கள் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதமே அடிவாரத்தில் சோதனை ஆரம்பித்துவிட்டது. பத்திரிகையில் வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அனுசுயா அழுதாள். "ஜக்கம்மா அத்தைக்கு என்னால ஆனது இதுதான்டி" என்றாள். விடுதியில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

அந்த நாட்களில் ராக்கம்மாள் போனில் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். "பரீட்ச முடியட்டும், அப்பறமா வா." பஸ்ஸுக்கு ஆகும் செலவை யோசிக்கிறார் என்று நினைத்தோம். பொங்கல் விடுமுறைக்கு அவள் சொல்லாமல் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அடுத்த நாள் விடிகாலையில் ராக்கம்மாள் வழக்கம்போலத் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், ஜீப்புகள் ஒழுங்காகப் போகிற அழகைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஒழுங்காகத்தான் போயின. ஒவ்வொரு ஜீப்பிலும் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்படியில் யாரும் இல்லை. சாலையோரத்தில் மட்டும் ஒரு கூட்டம் தூக்குவாளிகளோடு நின்றது. எல்லாரும் வயதானவர்கள், நரைத்த தலைகள். ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பியபிறகும் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ராக்கம்மாள்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

கடைசியாக ஆள் நிறைந்த ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் முத்துராஜாதான் விஷயத்தை உடைத்தார். "லேட்டெல்லாம் இல்ல தங்கச்சி. சோதனை வந்ததுலருந்து அக்காவ யாரும் ஏத்தல. அளவாத்தான் ஆளு கூட்டிட்டுப் போகணும்னா, வெரசா காய் எடுக்கிறவக போதும்னு தோட்டத்துக் கங்காணி சொல்லிட்டாரு. இங்கன நிக்கிறவக எல்லாம் அப்படி நின்னு போனவகதான். இன்னொரு வண்டி போட்டா எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நீங்க எழுதிக் குடுத்துத்தான் இதெல்லாம் வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். அக்காதான் ஒங்களுக்குச் சொல்லவிடல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கங்காணிமேல், முத்துராஜாமேல், பிரதி வாங்கிப்போன அந்த அதிகாரிமேல், பால்கோவா தின்ற எங்கள்மேல். அனுசுயா அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சோதனை வந்த நாள்முதல் ராக்கம்மாள் தினமும் அங்கே வந்து நிற்பாராம். ஜீப் எல்லாம் போனபின் மூட்டுவலிக் காலோடு ஊர்ப்பக்கம் நடந்து, திராட்சைத் தோட்டங்களில் வேலை இருக்கிறதா என்று கேட்பாராம். சில நாள் இருக்கும். கூலி மலையில் கிடைப்பதில் பாதிதான்.

வீட்டுக்கு வந்ததும் அனுசுயா அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை.

"அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியேம்மா. ஜக்கம்மா அத்தையப் பத்தி. இப்பச் சொல்லு."

ராக்கம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எல்லாரும் டிரைவர்தான் ஆசப்பட்டு ஏத்துறாருன்னு நெனைக்கிறாக. அவரு போதும் போதும்னுதான் சொல்லுவாரு. நாங்கதான் விடமாட்டோம். ஏறாம நிக்கிறவளுக்கு அன்னிக்கிக் கூலி இல்ல. அதனால, ஏலே நில்லு, அவளும் வரட்டும்னு சத்தம் போட்டு இழுத்துப்போட்டுக்குவோம். மடியில ஒக்காத்திக்குவோம். அன்னிக்கு ஜக்கம்மா லேட்டா ஓடியாந்தா. வேணாக்கா, நெறஞ்சிருச்சுன்னுதான் சொன்னா. நாந்தான் கையக் குடுத்துப் படியில தூக்கிவிட்டேன். பிடி ஆத்தா, விழமாட்டன்னு சொன்னேன்."

இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை ஒரே ஒரு முறை சொல்ல வந்திருக்கிறார். ஆமாவா இல்லையா மட்டும் போதும் என்று நாங்கள் எழுந்து போயிருக்கிறோம். அனுசுயா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு விம்மினாள். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

மதுரைக்குத் திரும்பியதும் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரிடம் போய் நின்றாள். "அரசாங்கமே எடுத்துக்கிட்ட பரிந்துரையம்மா. ரேங்க் வரப்போற நேரத்துல ஏன் கைய வச்சுக் கெடுத்துக்கிற?" என்றார் அவர். இவள் கேட்கவில்லை. அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பெயர் போடாமல், அத்தனையையும் ஒரு தனி அத்தியாயமாக எழுதிச் சேர்த்தாள். எனக்கும் அந்த வழிகாட்டி சொன்னதுதான் சரி என்று பட்டது. அதை அவளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் பக்கங்களைத்தான் பிரித்து வைத்திருந்தார்.

"உங்க பரிந்துரைய நீங்களே தப்புன்னு சொல்றீங்களா?"

"பாதிதான் சார் சொன்னேன். ஆளக் குறைங்கன்னு சொன்னேன். எறக்கிவிட்ட ஆளுங்க எதுல போவாங்கன்னு கேக்கவே இல்ல."

"சரி, அதுக்கு என்ன வழி?"

"காலையில தோட்டம் வரைக்கும் பஸ் விடணும். அதுக்கு ரெண்டு மாநிலமும் பேசணும். பஸ் வர்ற வரைக்கும் அவங்க என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல சார்."

"சொந்த வீட்டுக் கதைய ஆய்வுல கலக்கக்கூடாதும்மா."

"அவங்களும் என் கேள்விக்குப் பதில் சொன்ன ஒருத்தங்க சார். நான்தான் பாதியில நிறுத்திட்டேன்."

தேர்ச்சி போட்டார்கள். ரேங்க் போய்விட்டது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவளுக்கு எப்படியோ, தெரியாது. பஸ் கேட்டு எழுதிய மனுவும் அந்த அத்தியாயத்தின் நகலும் கருத்தரங்குக்கு வந்திருந்த அதே அதிகாரிக்குப் போயின. இந்த முறை பதில் வரவில்லை.

பட்டச் சான்றிதழ் வந்த பிறகு ஒரு நாள் அவள் வீட்டில் போய்த் தங்கினேன். அனுசுயாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பரீட்சைகளாக எழுதிக்கொண்டிருந்தாள். திராட்சை வெட்டு முடிந்திருந்ததால் ராக்கம்மாளுக்கும் வேலை இல்லை. அடிவாரத்தில் சோதனை தானாகவே தளர்ந்துவிட்டிருந்தது. மலையில் காய் முற்றிக் கிடக்கிறது, ஆள் எத்தனை வந்தாலும் சரி என்று தோட்டங்களிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. காலையில் மூன்று பேரும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனோம்.

முத்துராஜாவின் ஜீப் பிதுங்கிக்கொண்டு நின்றது. பின்கம்பியைப் பிடித்தபடி திரிஷா நின்றாள். அம்மா போனபின் படிப்பை விட்டு மலைக்குப் போகிறவள். ராக்கம்மாளைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"அத்த, வாங்க. எடமிருக்கு."

இடமே இல்லை. ராக்கம்மாள் அந்தக் கையைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னார்.

"ஆத்தா, அன்னிக்கு ஒங்கம்மாவ இந்தப் படியில தூக்கிவிட்டவ நாந்தான்."

"தெரியும் அத்த. அன்னிக்கே எல்லாரும் சொன்னாக." திரிஷா கையை மடக்கவில்லை. "அதுக்கு முந்துன நாளு எடமில்லாம இங்கனயே நின்னுட்டு, வீட்டுல வந்து எங்கம்மா அழுதுச்சு. நீங்க கை குடுத்தீக. ஏறுங்க, வண்டி கெளம்புது."

ராக்கம்மாள் திரும்பி மகளைப் பார்த்தார். வேண்டாம் என்ற கத்தல் எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அனுசுயா தூக்குவாளியை வாங்கித் திரிஷாவிடம் நீட்டினாள். குனிந்து, அம்மாவின் வலிக்கிற காலை எடுத்துப் படியில் வைத்தாள். இடுப்பைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டாள்.

"கம்பிய விடாதம்மா" என்றாள்.

ஜீப் போய்விட்டது. வா, வீட்டுக்குப் போவோம் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் அங்கே இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மலைச்சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்து அந்த ஜீப் இறங்கி வந்து, ராக்கம்மாள் தரையில் கால் வைக்கும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.