ஒரு விரல் அக்காவும் சோபாவும்

சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார் ஒரு விரல் அக்கா. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மாடியில் குடியிருக்கும் நான் நாற்காலியை இழுத்தால்கூடக் கீழேயிருந்து "யாருப்பா அது?" என்று அதட்டல் வரும். வாடகை கொடுப்பவன் நாற்காலியை இழுக்கக்கூட உரிமை இல்லாதவன் போலிருக்கிறது. செயின் ஓடும் சத்தத்தை வைத்தே அதற்கு எண்ணெய் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர். "கரகரன்னு சொன்னா பசிக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுமே பேசலன்னா நாம அளவுக்கு மேல ஊட்டிட்டோம், மண்ணு வந்து ஒட்டிக்கும்" என்பார்.

பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடியின் காம்புகளில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத திருகாணிகளை நாளெல்லாம் முடுக்குகிற கை. சாயங்காலமானால் அதே கை மலை சைக்கிளுக்கு வந்துவிடும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், சைக்கிளின் வயதைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அக்கா உள்ளே நுழைந்தால் சைக்கிள் கடைக்காரர் புது மாடல்களைப் பற்றி மூச்சு விட மாட்டார். டயர் என்றால் அதன் பற்களைக் கட்டைவிரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். பெடல் என்றால் அதிலுள்ள முனைகள் ஷூவின் அடியைக் கவ்வுகின்றனவா என்று ஏறி நின்று பார்க்க வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தலையை நாலு பக்கமும் உலுக்குகிற உலுக்கலில் கடைக்கு வந்த மற்றவர்கள் என்னமோ ஏதோ என்று ஒதுங்கி நிற்பார்கள். பிரேக் என்று வந்துவிட்டால் ஆள்காட்டி விரல் மட்டும்தான். "ரெண்டு விரல் கேக்குறதெல்லாம் பிரேக்கே இல்ல. ஒரு விரலுக்கு அடங்கணும். மத்த விரலெல்லாம் ஹேண்டிலைப் பிடிக்க வேணாமா?" அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. பாதி தேய்ந்த பிரேக் கட்டைகளைத் தூக்கி எறிய மாட்டார். துடைத்து, ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, எங்கே போனாலும் பையில் வைத்துக்கொள்வார். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நான் ஒருமுறை கிண்டலடித்தேன். "பாதி உயிர் இருக்குல்ல" என்றதோடு சரி.

அக்காவின் கணவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. தூங்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம். தங்கமான மனுஷர், மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை ஹாலில் நிற்கும் சைக்கிள். நாளெல்லாம் மெஷின் மிதித்த காலை நீட்டிச் சாய்ந்துகொள்ள அவருக்கு ஒரு சோபா வேண்டும். சோபாவுக்கு ஏற்ற ஒரே சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. அந்தச் சுவரை அவர் எத்தனை தடவை அளந்திருப்பார் என்று கணக்கே கிடையாது.

எங்கள் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையில் வருஷத்துக்கு ஒருமுறை சைக்கிள் இறக்கப் பந்தயம் நடக்கும். போன வருஷம், பாறைகள் படிப்படியாக இறங்கும் ஓர் இடத்தில் அக்கா பயந்துபோய்க் காலை ஊன்றிவிட்டார். மீதித் தூரத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தார். அன்றிலிருந்து சோபாப் பேச்சுக்கு இறக்கை முளைத்துவிட்டது. கடைசியில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்கள். இந்த வருஷம் உச்சியிலிருந்து அடிவாரம் வரை கால் தரையில் படாமல் வந்தால் சைக்கிள் ஹாலில் இருக்கலாம். பட்டால் சோபா வரும், சைக்கிள் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போகும். அந்தக் கொட்டகை மழைக்கு ஒழுகும். "அங்க போயிட்டா அது வண்டி இல்ல, பழைய சாமான்" என்று என்னிடம் சொன்னார் அக்கா. எனக்கே கஷ்டமாகிவிட்டது.

பந்தயத்தன்று நாங்கள் மூவரும் வேனில் உச்சிக்குப் போனோம். கிளம்புமுன் வழக்கம்போல அக்கா சைக்கிளை உருட்டி ஒரு விரலால் பிரேக்கை அழுத்தினார். வண்டி 'கீச்' என்று கத்தியதே தவிர நிற்கவில்லை. குனிந்து பார்த்தார். பிரேக் பிடிக்க வேண்டிய வட்டத் தகடு இரண்டு சக்கரத்திலும் எண்ணெயாய் மின்னியது. பக்கத்தில் நின்ற தையல்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, விடியற்காலையில் எழுந்து தாமே வண்டி முழுக்க எண்ணெய் ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று துடைத்ததாகச் சொன்னார்.

சுற்றியிருந்த சைக்கிள்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். தகட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் கட்டை அதைக் குடித்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. சோபாவுக்காக மனுஷர் கைவரிசையைக் காட்டிவிட்டார் என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. தையல்காரரின் முகம் செத்துவிட்டது. "நீ இறங்கி வர்றப்ப வண்டி அழகா இருக்கணும்னு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அக்கா முந்திக்கொண்டார்.

"என் பையில கண்ணாடிக் கூடு இருக்கு. எடுங்க."

எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழற்றி வீசினார். பையிலிருந்த கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டை ஊற்றி, துணியில் கறை வராத வரைக்கும் தகடுகளைத் துடைத்தார். கூட்டிலிருந்த பாதி உயிர்க் கட்டைகளை இடம் பார்த்துச் செருகினார். அவருடைய முறை கடைசிக்குத் தள்ளிப்போயிருந்தது. சரிவில் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தார். கடைசித் தடவை ஒரு விரலுக்கே முன்சக்கரம் வெடுக்கென்று நின்றது. "பிடிக்குது" என்றார். எங்களைக் கீழே போகச் சொன்னார்.

அடிவாரத்து முடிவுக் கோட்டருகே நின்றால் பாறைப் படிகள் நன்றாகத் தெரியும். தையல்காரர் பார்க்க மாட்டேன் என்று நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அக்கா வந்துவிட்டார். சீட்டுக்குப் பின்னால் உடம்பைத் தள்ளிக்கொண்டார். முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது, அவர் இடது கால் பெடலை விட்டு வெளியே வந்துவிட்டது. போச்சு என்று நானே சொல்லிவிட்டேன். அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. ஆள்காட்டி விரல் மட்டும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட, வண்டி நிமிர்ந்தது, கால் பெடலுக்குத் திரும்பியது. அடேயப்பா! நான் போட்ட கூச்சலில் எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

முடிவுக் கோட்டையும் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தே வந்தார். கூட்டம் சிதறி ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஓடினேன். தையல்காரர் மட்டும் கண்ணை மூடியபடி அசையாமல் நின்றார். முன்சக்கரம் அவருடைய செருப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது.

வண்டி சாயப் பார்த்தது. அக்கா காலை ஊன்றவில்லை. இரண்டு பாதமும் பெடலில் இருக்க, ஒரு கையைக் கணவரின் தோளில் போட்டு நிமிர்ந்துகொண்டார். தையல்காரர் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் கால் வைக்கல. சொல்லுங்க."

அவர் வாயிலிருந்து நாடா விழுந்தது. கண் கலங்கியிருந்தது. "ஹால்லயே இருக்கட்டும்மா. எனக்குச் சாய்ஞ்சுக்க ஒரு தலகாணி போதும்."

அக்கா தோளை விடவில்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து, மெதுவாக, தரையில் வைத்தார்.